அம்பு விடுறவருக்கு எதுக்கு வைத்தியம்?

மச்சான்,

நான் அன்னவாசலுக்கு வேலைக்குக் கெளம்பிட்டேன். மீன் கொழம்பு அடுப்புல இருக்கு. மத்தியானம் ஒங்கம்மா வாராங்க, எங்கிட்டும் போயிராதீங்க.

நேத்து கேட்டதுக்கு இன்னும் பதில் வரல. நாம போன்ல ஆடுற சண்டை கேம்ல, நம்ம கில்டு கூட்டத்துல புதுசாச் சேந்த அந்த நிலாமலர் யாரு? சண்டையில முன்னாடி நின்னு அடி வாங்குறவ நான். ஹீலர்னா மொதல்ல எனக்குத்தானே உசுரு ஏத்தணும்? அவ என்னடான்னா, பின்னாடி நின்னு அம்பு விடுற ஒங்களுக்கே ஏத்திக்கிட்டு இருக்கா. ஒரு கீறல்கூட இல்லாத ஆளுக்கு! நான் செத்துக் கெடந்தப்பவும் திரும்பிப் பாக்கல. இதுல சாட்டுல வேற, "வயித்துவலி கொறஞ்சுச்சா, மோர் குடிச்சீங்களா"ன்னு விசாரிப்பு. ஒங்க வயித்துவலி அவளுக்கு எப்படித் தெரியும்? யாருன்னே தெரியாதுன்னு சொன்னா நான் நம்பணுமாக்கும்.

நசீரா

செருப்பு மாட்டுறப்பத்தான் ஞாபகம் வந்துச்சு. ஒங்க வயித்துவலிய நான் ஒங்கம்மாகிட்ட மட்டும்தான் சொன்னேன். அவங்களும் இப்ப எந்நேரமும் போனும் கையுமாத்தான் இருக்காங்க. சோறு போட்டுட்டு, மெதுவா அந்தப் போனை எட்டிப் பாருங்க.

அந்த நிலாமலர் மாமிதான்னா ஒண்ணும் கேட்டுராதீங்க. அடுத்த சண்டையில எனக்கும் கொஞ்சம் உசுரு ஏத்தச் சொல்லுங்க.