முந்திரிகைக்கொடிக்கு நாள் குறித்தது

1934 யூன் 3, ஞாயிறு

என் முந்திரிகைக்கொடிக்கு நாள் குறித்தாயிற்று. இம்மாதம் இருபத்துநாலாம் திகதி பின்னேரம். இவர் செயலாளராக இருக்கும் மதுவிலக்குச் சங்கம் அன்று எங்கள் முற்றத்தில் கூடும். இவர் 'வைனின் சரித்திரம்' என்று பிரசங்கம் செய்வார். முடிந்ததும், உலகத்தைக் கெடுத்த அந்தத் திராட்சைக் கொடியை எல்லார் முன்னிலையிலும் வெட்டவேண்டும். வெட்டுவது நான்.

"பொம்பிளையளுக்கு நீ ஒரு முன்மாதிரியாய் இருக்கவேணும், பாலேசு" என்றார்.

எங்கள் ஊர்த் தவறணையில் ஓடுவது பனங்கள்ளு. ஆனால் பனையை வெட்டச் சொல்ல இவருக்கு வாய் வராது. சங்கத் தலைவர், கோட்டில் வழக்குப் பேசும் மார்க்கண்டுப் பிறக்கிராசியாருக்கு நிறையப் பனங்காணி இருக்கிறது. அகப்பட்டது என் கொடி.

யூன் 7

வீடும் வளவும் என் சீதனம். ஆனால் எந்த மரம் எங்கே நிற்கவேண்டும் என்று சொல்வது இவர். நானாக ஆசைப்பட்டு நானாக நட்டது இந்தக் கொடி ஒன்றுதான். தொண்டைமானாற்றிலிருந்து வரும் மீன்காரி கனகாம்பிகையிடம் கருவாடு கழுவிய தண்ணீர் கேட்டு வாங்கி, சைவ வீடென்றும் பாராமல், மூக்கைப் பொத்திக்கொண்டு ஊற்றி வளர்த்தேன். வெட்டமாட்டேன் என்று ஒரு சொல் சொன்னால் என்ன? சொல்லவில்லை. என்னில்தான் எனக்குக் கோபம்.

யூன் 10

பிரசங்க ஒத்திகை. கேட்பதற்கு நானும் மாடும்.

எகிப்தில் செத்த அரசனோடு வைனையும் சாடி சாடியாகப் புதைப்பார்களாம். கிரேக்கர் தண்ணீர் கலந்து குடிப்பார்களாம் - எங்கள் பால்காரியின் முன்னோர் போலும். உரோமர் போன இடமெல்லாம் தோட்டம் போட்டார்களாம். பிராஞ்சு தேசத்தில் அதைக் காத்து வளர்த்தவர்கள் சந்நியாசிகளாம்.

"சந்நியாசியளோ?" என்று கேட்டேன்.

"அது வேறை சமயம்" என்றார்.

யவனர் கப்பலில் கொண்டுவந்ததை எங்கள் தமிழரசர்களும் மாந்தினார்கள் என்ற இடம் வந்ததும் குரலைத் தாழ்த்திவிட்டார். பறங்கியர் பீப்பாவோடு யாழ்ப்பாணத்தில் இறங்கியதற்குத் திரும்பவும் உயர்த்தினார்.

கடைசிக் குலைகளைப் பிழிந்து, புளிக்காத சாறாகச் சபைக்குக் கொடுக்கப்போகிறாராம். பழம் குற்றமற்றது என்று காட்டவாம். பழம் குற்றமற்றதென்றால் கொடி என்ன செய்தது?

"உனக்குத் தர்க்கம் விளங்காது" என்றார்.

யூன் 15

பனையில் இறக்கும் இனிப்பான கருப்பணி புளிக்காமல் இருக்க, அதைப் பிடிக்கும் மண்முட்டியின் உள்ளே சுண்ணாம்பு பூசுவார்கள். பூசாவிட்டால் அது கள்ளு. இது இங்கே எல்லாருக்கும் தெரிந்த விஷயம். பழச்சாற்றுக்கும் அதே முறைதான் என்று முடிவு கட்டி, கள்ளிறக்க மரம் சீவுகிறவனிடம் சுண்ணாம்பு பூசிய முட்டி ஒன்று கேட்டு வாங்கிவந்தார். வந்த பிறகுதான் யோசனை: சீவல்காரன் புழங்கிய முட்டி எங்கள் அடுக்களைக்குள் போகலாமா?

கிணற்றடியில் குந்தியிருந்து, சாம்பல் போட்டு, தும்பால் தேய்த்து, மஞ்சள் தண்ணீர் தெளித்து, சுண்ணாம்பு ஒரு பொட்டும் இல்லாமல் தானே கழுவினார். சாதி தப்பியது. சாற்றை ஊற்றி, இனிப்புக் காணாதென்று பனங்கட்டியும் உடைத்துப் போட்டு, வாயைத் துணியால் கட்டினார்.

நான் பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்குத்தான் தர்க்கம் விளங்காதே.

யூன் 18

முட்டி நுரைக்கிறது. "சாறு உயிரோடை இருக்குது, அதுதான் சத்து" என்றார். ஓம் என்றேன்.

யூன் 24, ஞாயிறு

கத்திக்குக் குங்குமப் பொட்டு வைத்திருந்தார். பந்தலின் கீழ் கதிரைகள். வெக்கை என்று முதலில் சாறு கொடுத்தோம்.

பிறக்கிராசியார் ஒரு மிடறு குடித்தார். கண்ணை மூடினார். எல்லார் முகத்திலும் ஒரே கேள்வி. ஆனால் யார் கேட்பது? இது வைன் என்று சொல்வதானால் வைனின் ருசி தெரிந்திருக்கவேண்டுமே!

"நல்ல... சத்தான சாறு. இன்னும் கொஞ்சம் ஊத்துங்கோ, தங்கச்சி" என்றார் பிறக்கிராசியார். பிறகு எல்லாருக்கும் சத்துக் குறைவு வந்துவிட்டது.

பிரசங்கம் எகிப்துவரை ஒழுங்காகப் போனது. யவனர் கப்பல் வந்ததும் கைதட்டல். "எப்பேர்ப்பட்ட சனம்!" என்று இவர் கண் கலங்கினார். இரண்டு தம்ளர் உள்ளே போயிருந்தது.

அப்படியிருந்தும் கத்தியை மறக்கவில்லை. என் கையில் தந்தார். கொடியடிக்குப் போனேன். ஒரு கையால் அடித்தண்டைப் பிடித்தேன். நான் போட்ட கணக்கெல்லாம் பிழையாய்ப் போச்சே, இனி என்ன செய்வன்...

"ஆர் அங்கை வெட்டுறது?" பிறக்கிராசியார் பந்தல்காலைப் பிடித்தபடி எழும்பினார். "குடிகாரரைத் திருத்துற மருந்தெல்லோ உது! ஒவ்வொரு கூட்டத்துக்கும் உந்தச் சாறு வேணும். இது தீர்மானம்!"

ஏகமனதாக நிறைவேறியது. வழிமொழிந்தது இவர்.

அடுக்களைக்குள் போய் அழுதேன். சிரிப்பும் வந்தது.

யூன் 25

இவருக்குத் தலையிடி. நேற்றைய வெயிலாம்.

ஒக்ரோபர் 14, ஞாயிறு

அடுத்த சாற்றை எதிர்பார்த்துச் சங்கத்தில் ஆட்கள் கூடிவிட்டார்கள். தவறணைக்குப் போய்வந்தவர்களில் இருவர் திருந்தி வந்து சேர்ந்திருக்கிறார்கள். கொடி திரும்பவும் காய்த்திருக்கிறது. இம்முறை கருவாட்டுத் தண்ணீர் ஊற்றியது இவர், மூக்கைப் பொத்திக்கொண்டு.

இன்று காலை குலைகளை அரிந்து வைத்துவிட்டு, போனமுறைச் சாற்றின் புளித்த மண்டி அடியில் காய்ந்திருந்த பழைய முட்டியைத் தூக்கிக்கொண்டு கிணற்றடிக்குப் போனேன். பின்னால் வந்து நின்றார்.

"பாலேசு, உந்த முட்டியைக் கழுவாதை."

கழுவவில்லை.