அம்மா, போறன்

நவம்பர், வியாழன் இரவு

மத்தியானம் எங்கள் குடிவரவு லோயர் போன் எடுத்தார். மனிதாபிமான அடிப்படையில் எனக்கும் அம்மாவுக்கும் நிரந்தர வதிவிடம் தரச் சம்மதித்துவிட்டார்களாம். எனக்கு நான்கு வயதில் விசிட்டர் விசாவில் அம்மா என்னை இந்த நாட்டுக்குக் கூட்டிவந்தார். அது முடிந்தபின் எங்களிடம் ஒரு தாளும் இல்லை.

அம்மா "உண்மையாவோ?" என்றார். பிறகு வெங்காயத்தைத் தொடர்ந்து வெட்டினார்.

மாலை வகுப்புக்குச் சப்பாத்துப் போட்டபடி, "அம்மா, போறன்" என்றேன். சொன்ன பிறகுதான் உறைத்தது. திரும்பி வருவதையும் சேர்த்து "போட்டு வாறன்" என்றுதான் சொல்ல வேண்டும். எல்லா வீட்டிலும் அப்படித்தான். ஆனால் நான் மறந்தால் அம்மா படியால் இறங்கி வந்தாவது சொல்லவைப்பார். வெளியே போனால் நான் குடிவரவு அதிகாரிகளிடம் பிடிபட்டுவிடுவேன் என்ற பயம்.

இன்று சிரித்தார். "போவன் பிள்ளை. இனி உன்னை ஆர் பிடிக்கிறது? வரேக்கை பேக்கரியிலை பாண் வாங்கிக்கொண்டு வா."

ஃபின்ச் வீதி பஸ்ஸில் ஏறியும் மனம் கேட்கவில்லை. "போட்டு வாறன்" என்று மெசேஜ் அனுப்பினேன். "பாண்" என்று மட்டும் பதில் வந்தது.

பாண் வாங்க மறந்து வீடு வந்தேன். நல்ல ஏச்சு. இவ்வளவு காலமும் நான் வீடு வந்து சேர்ந்தாலே போதும் என்றிருந்தவர், இன்று பாணுக்காக ஏசினார்.