ரத்தக்குழாய் முளைக்காத இடம்

அன்புள்ள அப்பாவுக்கு மகளின் வணக்கம். சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறதா? அம்மாவின் முழங்கால் தேவலையா? நான் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறேன்.

உங்கள் கண்ணுக்குள் தாறுமாறாக முளைக்கிறதே ரத்தக்குழாய், அப்படி முளைப்பதைத் தடுக்கும் ஒரு நொதியைத்தான் இங்கே ஆய்வகத்தில் கருவுள்ள கோழிமுட்டைகளில் சோதிக்கிறோம். ஓட்டில் சின்ன ஜன்னல் வெட்டி, அந்த நொதியில் ஒரு சொட்டு விடுவோம். நேற்றுத் திறந்து பார்த்தால், சுற்றிலும் சிவப்பாக வேரோடியிருக்க, என் சொட்டு விழுந்த இடம் மட்டும் வெறுமையாக இருந்தது. சொட்டு பட்ட இடம் செத்துப்போயிற்று, கெடுத்துவிட்டேன் என்று நினைத்து முட்டையைக் குப்பைக்குக் கொண்டுபோனேன். ஆய்வக அக்கா ஓடிவந்து கையைப் பிடித்தார்.

"அடிப் பாவி! அங்க ஒண்ணும் முளைக்கக் கூடாதுன்னுதானே இத்தனை நாளா தவம் கிடக்கறோம்?"

அந்த ஒரு சொட்டின் கெட்டிக்காரத்தனத்தை என்னவென்று சொல்வேன், அப்பா! புதுக் குழாய்களை வரச்சொல்லும் சேதியை மட்டும் வெட்டிவிடுகிறது. இருப்பவற்றைச் சீண்டுவதே இல்லை.

மருந்தாக வர வருஷக்கணக்காகும். அதுவரை டாக்டர் சொன்ன கண் ஊசியைத் தள்ளிப்போடாதீர்கள்.

வீட்டுக்குப் போகும் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, முடிக்கிறேன். பதிலை அம்மாவை எழுதச் சொல்லாதீர்கள். வரி கோணினாலும் உங்கள் கையெழுத்துதான் வேண்டும். நானும் பெரிய பெரிய எழுத்தாகத்தான் எழுதியிருக்கிறேன். இதை நீங்களேதானே படிக்கிறீர்கள்?

உங்கள் மகள்