மூன்று கிருஷ்ணன்களும் ஒரு கையெழுத்தும்

ஜூலை 8, 1968. திங்கள்

பம்பாயில் விடாத மழை. கிங்ஸ் சர்க்கிளில் முழங்கால் தண்ணீர். காலேஜுக்கு முக்கால் மணி லேட். நல்லவேளை, மெஷின் வகுப்பு தப்பவில்லை.

பி.காமுக்கு உபபாடமாக ‘டேட்டா பிராசஸிங்’ இந்த வருஷம்தான் புதிது. பதினோரு பேர். பெண் நான் ஒருத்தி. இன்று அட்டைகளைப் பிரித்து அடுக்கும் ‘சார்ட்டர்’ மெஷினை முதன்முதலாக ஓட்டிக் காட்டினார்கள். ஓட்டை போட்ட அட்டைக் கட்டை ஒரு பக்கம் வைத்தால் தடதடவென்று ஓடி, தானாகவே அந்தந்தப் பெட்டியில் போய் விழுகிறது. கண்ணால் பின்தொடர முடியவில்லை. வாய் திறந்தபடி நின்றிருக்கிறேன் போல. தேஷ்பாண்டே சார் சிரித்தார்.

கடைசியில் ஓர் அனுமதிப் பாரம் கொடுத்தார். மூன்று மாதம் சனிக்கிழமைதோறும் ட்ராம்பே அணுசக்தி நிலையத்தில் நிஜக் கம்ப்யூட்டரில் பயிற்சி. போகவர அவர்கள் ஸ்டாஃப் பஸ். வீட்டுப் பெரியவர் கையெழுத்து வேண்டும், திங்கள் 15க்குள். இல்லாவிட்டால் இந்தப் பாடமே கிடையாது.

அப்பாவிடம் எப்படிக் கேட்பது? அப்பா இன்ஷூரன்ஸ் ஆபீஸ் குமாஸ்தா, யூனியன் ஆள். மெஷின் வந்தால் வேலை போகும் என்று இந்த மாதம் முழுக்கச் சட்டையில் கறுப்பு பாட்ஜ்.

வாங்க வேண்டியது: குடைக்குக் கம்பி, நீல மை.

ஜூலை 10, புதன்

தூறல். பாரத்தை நீட்டினேன். அப்பா படித்தார், மடித்தார், ரேடியோ மேல் வைத்தார்.

“ஆபீஸ்ல அதை எதிர்த்துக் கோஷம் போட்டுட்டு, ஆத்துல வந்து கையெழுத்துப் போடணுமா? நன்னாருக்குடி ஜெயா.”

அம்மா: “கொழந்தை படிப்புன்னா.”

“படிக்கட்டும். வேற எதாவது படிக்கட்டும்.”

தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன்.

வகுப்பு வேலைக்கு நான் எடுத்துக்கொண்டது எங்கள் தமிழ்ச் சமாஜ லைப்ரரியின் உறுப்பினர் பட்டியல். அப்பாதான் லைப்ரரிக்குக் கௌரவக் காரியதரிசி. ரிஜிஸ்தரைக் கேட்டதும் கொடுத்துவிட்டார், அதுவே பெரிசு. ஓர் உறுப்பினருக்கு ஓர் அட்டை: பெயர், கட்டடம். இரண்டு நாளாக ஓட்டை போட்டு விரல் மரத்துவிட்டது. தப்பு ஏராளம்.

ஜூலை 13, சனி

காலையில் காலேஜ் சார்ட்டரில் அட்டைகளைப் பிரித்தாயிற்று. ஒவ்வோர் எழுத்தாக, பின்னாலிருந்து முன்னால். கடைசி எழுத்திலிருந்து தொடங்கினால் எப்படிச் சரியாக வரும் என்று நம்பவேயில்லை. வந்தது! கலைந்து கிடந்த எங்கள் பேட்டை மாட்டுங்கா முழுக்க அகர வரிசையில் கைகட்டி நின்றது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அசடு.

‘ஆர். கிருஷ்ணன்’ மூன்று அட்டை, ஒரே கட்டடம். என் தப்புதான், தூக்கத்தில் திரும்பத் திரும்பப் போட்டிருக்கிறேன் என்று இரண்டைக் கிழித்தேன். பிறகு பட்டியல் அச்சு.

வீட்டில் அப்பாவிடம் காட்டினேன். ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார்.

“எத்தனை நேரம் ஆச்சு?”

“அச்சடிக்க நாலு நிமிஷம்பா.”

“நேக்கு ரெண்டு ஞாயித்துக்கெழமை ஆகும்.” மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

ஆனாலும் பட்டியலை லைப்ரரியில் ஒட்டச் சொல்லி அவரே எடுத்துப் போனார்.

ஜூலை 14, ஞாயிறு

மழை விட்டு விட்டு. பத்து மணிக்குக் கதவு இடிபடுகிறது. பாங்க் கிருஷ்ணன் மாமா, பின்னால் நெட்டைக் கிருஷ்ணன் மாமா.

“ஓய், நான் உயிரோட இருக்கேனா இல்லையா? லிஸ்ட்ல இருக்கறது ஒரே ஒரு ஆர். கிருஷ்ணன், அது நம்ம ஃபிடில் கிருஷ்ணனாம். லைப்ரரிப் பையன் எங்களுக்குப் புஸ்தகம் தரமாட்டேங்கறான்!”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மூன்று சகோதரர்கள்: ராமன், ராகவன், ராஜமணி. மூவரும் மூத்த பிள்ளைக்குத் தாத்தா பெயரை வைத்தார்கள். மூன்று ஆர். கிருஷ்ணன், ஒரே கட்டடம். மூவரையும் எனக்குப் பாவாடை கட்டின நாளிலிருந்து தெரியும். பாங்க், நெட்டை, ஃபிடில் என்று பட்டப்பெயரால். ஆனால் பாங்க்கும் நெட்டையும் ஃபிடிலும் ரிஜிஸ்தரில் இல்லையே.

அப்பா முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். இந்த வாரத்தில் முதல் சிரிப்பு. “பாத்தேளா! மெஷின் ரெண்டு ஆளை முழுங்கிடுத்து! நாளைக்கு யூனியன்ல சொல்றேன்!”

மாமாக்களும் சிரித்தார்கள். காப்பி வந்தது. நானும் சிரித்துவிட்டுப் பேசாமல் இருந்திருக்கலாம். அப்பா அவ்வளவு சந்தோஷமாக இருந்தார்.

அவர்கள் போன பிறகு சொன்னேன். “மெஷின் இல்லப்பா. மூணு அட்டையையும் அது பக்கத்துல பக்கத்துல சரியாத்தான் வெச்சுது. நான்தான் கிழிச்சேன்.”

“நீயா?”

“ஆமாம்பா. ஆளுக்கு ஒரு நம்பர் கொடுத்திருக்கணும். தோணல.”

“அப்போ அது தப்பே பண்ணலையா?”

“இல்லப்பா.”

சிரிப்பு போய்விட்டது. ஆறின காப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் போனார். சொல்லியிருக்க வேண்டாமோ. தெரியவில்லை. அந்த அட்டைகள் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்ததைப் பார்த்த பிறகு அதன் மேல் பொய்ப் பழி போட எனக்கு வாய் வரவில்லை, அவ்வளவுதான்.

ஜூலை 15, திங்கள்

வெயில்! அம்மா ஊறுகாய் ஜாடியை வெளியே வைத்தாள்.

அப்பா வழக்கமான லோக்கல் ரயிலுக்கே போய்விட்டார். பாட்ஜ் குத்திக்கொண்டுதான்.

பாரம் ரேடியோ மேலேயே இருந்தது. எதற்கும் பார்ப்போம் என்று பிரித்தேன். கையெழுத்து இருக்கிறது. எல்லாக் கட்டமும் நிரப்பியிருக்கிறார், முத்து முத்தாக. பெயர். விலாசம். மாணவிக்கு உறவு: தகப்பனார்.

தொழில்: குமாஸ்தா, தற்சமயம்.