ரீல் மாற்றும் நேரத்தில்

அன்புள்ள அக்கா,

இந்நேரத்தில் எழுதுவதற்கு மன்னித்துவிடுங்கள். பாப்பாவுக்கு இருமல், இப்போதுதான் கண் அயர்ந்தாள். அவள் தெருவில் பொறுக்கி வந்த சினிமா நோட்டீஸ் தலைமாட்டில் கிடக்கிறது. நம் டெண்டுக் கொட்டகைக்கு இன்னும் பத்து நாளில், அன்று நாம் சேர்ந்து பார்த்த அதே இந்திப் படம் மறுபடி வருகிறதாம். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

ஓசூருக்கு மணமாகி வந்த புதிதில் உங்களோடுதானே அங்கே மணலில் உட்கார்ந்தேன். ஒரே மெஷின், ரீலுக்கு ரீல் விளக்கைப் போடுவார்கள். அந்த நேரத்தில் நீங்கள் எழுந்து பெண்கள் பக்கம் திரும்பிக் கதை சொல்வீர்கள். பூனாவில் குடியிருந்தபோது கற்ற இந்தி. சொல்வதோ தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து. வீட்டைத் தேடிக் காடு தாண்டும் நாயின் இங்கிலீஷ் படத்துக்கும் அப்படியே எழுந்தீர்கள்.

"நாய் சொல்றது சட்டுனு புரிஞ்சிருது. இந்த ஆம்பளைங்க பேசறதுதான் பிடிபடல!"

"சத்தமா சொல்லுங்கக்கா, எங்களுக்கும் கேக்கட்டும்!" என்று ஆண்கள் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது.

கல்லூரியில் இந்தியும் படித்த எனக்கு விலங்குப் படம் குழந்தைகளுக்கு, காதல் படம் பொழுது போகாதவர்களுக்கு. நீங்களோ இரண்டுக்கும் ஒரே மாதிரி சிரித்தீர்கள், ஒரே மாதிரி கண்ணைத் துடைத்தீர்கள். "வூடு வந்து சேருமான்னுதானே ரெண்டுலயும் பாக்கறோம்?" என்றபோது, ரசனை அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

அதனால்தான் அந்த இந்திப் படத்தன்றைக்கு என் வாய் சும்மா இருக்கவில்லை. காதலன் ஊருக்குப் போகிறான். "கட்டாயம் வந்துருவேங்கறான்" என்று சொன்னீர்கள். "இல்லீங்கக்கா, அவன் பொய் சொல்றான். நண்பன்கிட்ட வரமாட்டேன்னுதானே சொன்னான்!" என்றேன் நான், எல்லாரும் கேட்க. "படிச்ச பொண்ணு சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று யாரோ சிரித்தார்கள். நீங்கள் உட்கார்ந்துவிட்டீர்கள். அடுத்த ரீலுக்குள் பக்கத்திலிருந்த ராஜம்மாவைக் கையைப் பிடித்து வெளியே அழைத்துப் போனீர்கள். அந்த மாதமே மாற்றல் வந்து பூனாவுக்கே போய்விட்டீர்கள், சொல்லாமல். நான் போட்ட இரண்டு கடிதங்களுக்கும் பதில் இல்லை.

இன்று சாயங்காலம் ராஜம்மா வந்தாள். கோலாருக்கு வேலைக்குப் போன அவள் புருஷன் இன்னும் வரவில்லை.

"அவரு காயிதத்த அந்தக்காதான் எனக்குப் படிச்சுக் காட்டுவாங்க. கட்டாயம் வருவேன்னு எழுதியிருந்தாரு. அன்னிக்கு நீங்க பொய்யின்னதும் அந்தக் காயிதமும் பொய்யோன்னு ஆயிடுச்சுங்க."

பிறகு அவளே கேட்டாள்: "கடைசில அந்த ஆளு வந்தானாங்க?"

வந்தான், அக்கா. கடைசி ரீலில் மழையில் நனைந்துகொண்டு அசடு வழிய வந்து நின்றான். கொட்டகை முழுக்கச் சிரித்தது. பார்க்க நீங்கள் இருவரும் இல்லை. நீங்கள் சொன்னதுதான் கதை. எனக்கு வார்த்தை மட்டும்தான் தெரிந்திருந்தது. இப்போதெல்லாம் கொட்டகையில் நான் திரையைவிடப் பக்கத்து முகங்களைத்தான் அதிகம் பார்க்கிறேன்.

ஆனால் ராஜம்மாவிடம் "வந்தான்" என்று சொல்ல நாக்கு எழவில்லை. சொன்னால், தன் புருஷனும் வருவான் என்று வாசலைப் பார்த்து உட்கார்ந்துவிடுவாளே. "மறந்துட்டேன் ராஜம்மா" என்றேன். "அப்ப நானே வந்து பாத்துக்கறேன். நீங்க பக்கத்துல உக்காந்து சொல்லுங்க" என்று போய்விட்டாள்.

என் மேல் கோபமிருந்தால் இருக்கட்டும். அவளுக்கு நான் என்ன சொல்ல வேண்டும் என்று மட்டும் எழுதுங்கள். ஒரு கார்டு போதும். படம் வருவதற்குள் பதில் போடுங்கள், அக்கா.