கோட்டைவாசல் இறக்கம்

ஓசூர்
2.6.2025

மொழிக்கு,

இது நலம் விசாரிக்கிற கடிதம் இல்லை. நேராக விஷயத்துக்கு வருகிறேன். ஓடுகிற வண்டியில் எந்தக் காரணத்துக்காகவும் சாவியை ஆஃப் பண்ணக் கூடாது என்று மாமாவிடம் சொல். முக்கியமாக மலை இறக்கத்தில்.

'பேசினால் கத்துவீர்கள், எதுவானாலும் எழுதுங்கள்' என்று நீ சொல்லிவிட்டுப் போனதை இதுவரை காப்பாற்றினேன். நேற்று மாமாவுக்குப் போன் போட்டேன். "மருமகனா, சரி வைங்க" என்று வைத்துவிட்டார். மறுபடி எடுக்கவே இல்லை. மெக்கானிக் பரீது பாயை நேரில் போய்ச் சொல்லச் சொன்னேன். "நீரும் அவரும் சேந்துதானவே என் என்ஜினைக் கழத்துனீரு" என்று அவரையும் வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டாராம். மிச்சம் நீதான்.

கவனமாகப் படி. மாமா கண் ஆபரேஷனுக்காகத் திருநெல்வேலியில் இருந்தபோது நானும் பாயும் அவருடைய அம்பாசிடரின் பெட்ரோல் என்ஜினை இறக்கிவிட்டு குவாலிஸ் டீசல் என்ஜினை ஏற்றினோம். அந்த இழுவைக்குப் பழைய பிரேக் போதாது என்று முன் சக்கரங்களுக்கு டிஸ்க் வைத்து, பூஸ்டரும் மாட்டினேன். வேலையில் குறை இல்லை. இப்போதும் சொல்கிறேன்.

குறை வேறு இடத்தில் இருக்கிறது. பழைய பிரேக் முழுக்க மாமாவின் கால் பலத்தில் நின்றது. என்ஜின் ஓடினாலும் ஓடாவிட்டாலும் அதற்கு ஒன்றுதான். புதிய பிரேக்குக்குப் பலம் தருவது பூஸ்டர். பூஸ்டருக்கு வேண்டிய வெற்றிடத்தை உண்டாக்குவது என்ஜினோடு சேர்ந்து சுற்றும் ஒரு சின்ன பம்ப். என்ஜின் நின்றால் பம்பும் நிற்கும். மிச்சமிருக்கும் வெற்றிடம் இரண்டு மூன்று மிதிக்குத்தான் வரும். அதற்கு மேல் பெடல் கல்.

ஆலையில் ஒரு வண்டியின் என்ஜினை அணைத்துவிட்டு பிரேக்கை மிதித்துப் பார்க்கும் சோதனையைச் செய்துகொண்டிருந்தேன். பெடல் இறுகிக் கால் நின்றபோதுதான், கல்யாணம் முடிந்து ஆரியங்காவு போய்த் திரும்பினோமே, அந்த நாள் ஞாபகம் வந்தது. கோட்டைவாசலில் கருப்பசாமி முன்னால் மாமா வண்டியை நிறுத்தினார். இறங்கித் திருநீறு பூசிவிட்டு வந்து, என்ஜினைப் போடாமலே நியூட்ரலில் உருட்டிவிட்டார். அடிவாரத்துப் புளியரை வரை சத்தமே இல்லாமல் இறங்கினோம். ஏன் என்று கேட்டேன். "இனிமே வண்டி கருப்பன் கையில. அவன் எறக்கி விட்டுருவான்" என்றார். நீங்கள் எல்லாரும் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன்.

சாரல் தொடங்கிவிட்டது. குற்றாலத்துக்குச் சவாரி வருகிறவர்களை அப்படியே ஆரியங்காவுக்கும் கூட்டிப்போவார். உடனே சொல்.

மாரிச்செல்வம்

•

தென்காசி
5.6.2025

வேல்விழி அப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. பிள்ளை எப்படி இருக்கிறாள் என்று ஒரு வரி கேட்டிருக்கலாம். நன்றாக இருக்கிறாள். ஐந்தருவிக்குக் கூட்டிப்போனோம். தண்ணீருக்குள் போகமாட்டேன் என்று அழுதாள். போன பிறகு வெளியே வரமாட்டேன் என்று அழுதாள். உங்களை உரித்து வைத்திருக்கிறாள்.

அப்பாவிடம் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையைத் தட்டிலேயே வைத்துக்கொண்டு சிரித்தார். "ஏட்டி, நாப்பது வருசமா அந்த எறக்கத்துல வாரேன். இப்ப மருமகன் ஓசூர்ல உக்காந்துக்கிட்டு எனக்கு பிரேக்கு படிச்சுத் தாராராக்கும். என்ஜினைக் கழத்தும்போது அவரு என்ட்ட கேட்டாரா? சாவியைத் திருப்ப மட்டும் நான் அவர்ட்ட கேக்கணுமோ?" என்றார்.

எனக்கும் ஒன்று தோன்றுகிறது, மறைக்காமல் எழுதிவிடுகிறேன். போன மாதம் 'தென்காசியில் டைபாய்டு பரவுகிறது, பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்துவிடு' என்று எழுதினீர்கள். இங்கே ஒருத்தருக்கும் ஒன்றுமில்லை. அது காய்ச்சல், இது பிரேக். நான் திரும்பி வரவேண்டும் என்றால் வா என்று எழுதுங்கள். பயம் காட்டாதீர்கள்.

இன்னொரு சேதி. அப்பா எனக்குக் கார் ஓட்டக் கற்றுத்தருகிறார். ஓசூரில் நீங்கள் கற்றுத்தந்தது நினைவிருக்கும். கிளட்ச், கிளட்ச் என்று நீங்கள் போட்ட சத்தத்தில் காம்பவுண்டு வாட்ச்மேன் ஓடிவந்தார். அப்பா கத்துவதில்லை. நான் தப்பாகக் கியர் போட்டால் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொள்கிறார். குத்துக்கல்வலசையில் புது பிளாட்டுகளுக்கு நடுவே ரோடு காலியாக இருக்கும். அங்கே தனியாக ஓட்டுகிற அளவுக்கு வந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆரியங்காவு போகிறோம். ஏற்றத்தில் அப்பா. இறக்கத்தில் என்னை உட்காரச் சொல்லியிருக்கிறார். "நீ ஸ்டியரிங்கை மட்டும் பிடி, மத்ததைக் கருப்பன் பாத்துக்கிடுவான்" என்கிறார்.

குழல்வாய்மொழி

•

ஓசூர்
9.6.2025

மொழி,

உன் கடிதம் இன்று, திங்கட்கிழமை, வந்தது. ஞாயிற்றுக்கிழமை போகிறோம் என்று எழுதியிருக்கிறாய். அது நேற்று.

ஆலை வாசலில் நின்றுகொண்டு உனக்குப் போன் போட்டேன். மணி அடித்து அடித்து நின்றது. மாமாவும் எடுக்கவில்லை. பாயை ஓடிப்போய்ப் பார்க்கச் சொன்னேன். அவர் திரும்பக் கூப்பிடும்வரை நான் என்னவெல்லாம் நினைத்தேன் என்று எழுதமாட்டேன். "வண்டி வாசல்ல நிக்கி, பாப்பா பானட் மேல ஏறி உக்காந்திருக்கா" என்றார். அதன் பிறகுதான் என்னால் உட்கார முடிந்தது. ஆனால் போனை வைக்கிற நேரத்தில் இன்னொன்று சொன்னார். "டிரைவர் பக்கத்து சைடு கண்ணாடியைக் காணோம் தம்பி." ஏன் காணோம் என்று அவருக்குத் தெரியவில்லை. கேட்கவும் பயந்துகொண்டு வந்துவிட்டார். எனக்குத் தெரியவேண்டும்.

டைபாய்டு பொய்தான். நீ கண்டுபிடித்துவிட்டாய். இது பொய் இல்லை. ஒரு பொய் சொன்னவன் அடுத்து உண்மையைச் சொல்லும்போது எப்படி நம்பவைப்பது என்று நான் படித்த எந்தப் பாடத்திலும் இல்லை. அதனால் என்னை நம்பவேண்டாம். வண்டியைக் கேள்.

வாசலில் சமதளமாக நிறுத்து. சக்கரங்களுக்குக் கல் கொடு. என்ஜினைப் போட்டுக் கொஞ்சம் ஓடவிட்டு அணைத்துவிடு. பிறகு பிரேக்கை முழுக்க மிதி, விடு, மிதி, விடு. முதல் மிதி மெத்தை மாதிரி போகும். அடுத்தது இறுகும். நாலாவது எப்படி இருந்தது என்று நீ எனக்கு எழுது.

அதுவரை அந்த ஸ்டியரிங்கில் நீ உட்காராதே. பிள்ளையை ஏற்றாதே. என் வேலை பிரேக் சோதனை. லைனில் வருகிற ஒவ்வொரு வண்டியையும் மிதித்துப் பார்த்து முத்திரை குத்துகிறேன். இன்று மிதித்த வண்டி ஒவ்வொன்றிலும் நீ உட்கார்ந்திருந்தாய்.

பதில் வராவிட்டால் பஸ் ஏறி வந்து பேட்டரியைக் கழற்றிவிடுவேன். யார் என்ன நினைத்தாலும் சரி.

மாரிச்செல்வம்

•

தென்காசி
12.6.2025

வேல்விழி அப்பாவுக்கு,

மிதித்தேன்.

அப்பா கோயிலுக்குப் போயிருந்தார். கல் கொடுத்தேன். நீங்கள் எழுதியபடியே செய்தேன். முதல் மிதி மெத்தை. நாலாவதில் சீட்டில் முதுகை ஊன்றி இரண்டு காலாலும் அமுக்கினேன். அசையவில்லை. இறங்காமல் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ஏனென்றால் பெடல் அப்படிக் கல்லானதை ஞாயிற்றுக்கிழமையே அப்பாவின் காலில் பார்த்துவிட்டேன். என்னவென்று அப்போது தெரியவில்லை.

நான் ஓட்டவில்லை. நாங்கள் கருப்பசாமி கோயிலுக்கு வந்தபோதுதான் மழை விட்டிருந்தது. "ரோடு வழுக்கும்ட்டி, இன்னைக்கு நானே எறக்குதேன்" என்று அப்பா உட்கார்ந்தார். நான் பக்கத்தில். வேல்விழி என் மடியில். புது என்ஜின் ஏறிய பிறகு மலைக்கு இதுதான் முதல் தடவை. எப்போதும்போல உருட்டிவிட்டார். மரத்திலிருந்து தண்ணீர் சொட்டுகிற சத்தம்கூடக் கேட்டது. முதல் வளைவில் ஒன்றுமில்லை. அடுத்ததிலும் ஒன்றுமில்லை. எஸ் வளைவில் எதிரே மரத்தடி ஏற்றிய லாரி ஏறிவந்தது. அப்பா மிதித்தார். வண்டி போய்க்கொண்டே இருந்தது. அவருடைய முழங்கால் நீண்டு விறைத்து நிற்கிறது, வண்டி போகிறது. லாரிக்காரன் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. அப்பா "கருப்பா" என்றார், அவ்வளவு மெதுவாக. பிறகு சாவியைத் திருப்பி, கியரைத் தள்ளி, கிளட்சை விட்டார். என்ஜின் உறுமிப் பிடித்துக்கொண்டது. வேல்விழியின் நெற்றி டாஷ்போர்டில் இடித்தது. வீக்கம் இப்போது வடிந்துவிட்டது. லாரி சைடு கண்ணாடியைப் பிய்த்துக்கொண்டு போய்விட்டது.

என்னப்பா ஆச்சு என்றேன். "செருப்பு வழுக்கிட்டு" என்றார். நானும் நம்பினேன்.

அன்றிலிருந்து வண்டியை எடுக்கவில்லை. சவாரி கேட்டு வந்தவர்களை "சாரல் சரியில்ல" என்று திருப்பிவிட்டார். அருவியில் அவ்வளவு தண்ணீர் விழுகிறது. சாப்பிட உட்கார்ந்தால் வலது காலை நீட்டி மிதித்து மிதித்துப் பார்க்கிறார். நான் பார்க்காத மாதிரி குழம்பு ஊற்றுகிறேன்.

பொய் என்று எழுதினேன். பொய் இல்லை.

ஆனாலும் பேட்டரியைக் கழற்ற வராதீர்கள். அவர் இல்லாத நேரம் பார்த்து ஒரு தடவை கழற்றியது போதும்.

குழல்வாய்மொழி

•

ஓசூர்
16.6.2025

மொழிக்கு,

வேல்விழியின் நெற்றி என்ற வரியைத் தாண்ட முடியாமல் அங்கேயே திரும்பத் திரும்ப நின்றேன். வலிக்கிறது என்று சொன்னாளா? தலை சுற்றல், வாந்தி ஏதாவது இருந்ததா? அதை எழுது.

பஸ் டிக்கெட் எடுத்திருந்தேன். ரத்து செய்துவிட்டேன்.

'ஆஃப் பண்ணக் கூடாது' என்றுதான் இத்தனை நாளும் சொல்லிக்கொண்டிருந்தேன். மாமா பண்ணுவார். இன்று பயத்தில் பண்ணமாட்டார், ஆறு மாதம் கழித்துக் கை தானாகப் போகும். அந்த வண்டியின் எடையை அளந்தேன், நீளத்தை அளந்தேன், என்ஜின் உட்காரும் இடத்தை அட்டையில் வெட்டி வைத்துப் பார்த்தேன். ஓட்டுகிறவரை அளக்கவில்லை. அவர் கருப்பன் முன்னால் சாவியைத் திருப்புவார் என்பதும் அந்த வண்டியின் ஒரு அளவுதான். மாற்ற வேண்டியது வண்டியை.

பேட்டரியிலிருந்து நேரே ஓடி வெற்றிடம் தரும் பம்ப் இருக்கிறது. சாவி எந்தப் பக்கம் திரும்பியிருந்தாலும் அது ஓடும். கூடவே ஒரு சேமிப்பு டேங்க், வெற்றிடம் குறைந்தால் கத்துகிற பஸ்ஸர். இல்லை, பழைய என்ஜினே வேண்டும் என்றாலும் சரி. அதுவும் பழைய பிரேக்கும் பாய் ஷெட்டில் தார்ப்பாய்க்குள் பத்திரமாக இருக்கின்றன. திரும்ப ஏற்றித் தருகிறேன். எது என்று மாமா சொல்லட்டும்.

நான் வரலாமா? உன்னிடம் கேட்கிறேன். மாமாவிடமும் கேட்டுச் சொல். வேண்டாம் என்றால் பம்பைப் பாய்க்கு அனுப்புகிறேன், அவர் மாட்டிவிடுவார்.

பயமாக இருக்கிறது மொழி. வண்டியை நினைத்து மட்டும் இல்லை.

மாரிச்செல்வம்

•

தென்காசி
20.6.2025

அத்தானுக்கு,

வாந்தி, மயக்கம் எதுவும் இல்லை. அன்றைக்கே டாக்டரிடம் காட்டிவிட்டேன். 'கார் என்னை முட்டிச்சு' என்று தெருவெல்லாம் சொல்லிவிட்டாள்.

உங்கள் கடிதத்தை அப்பாவுக்கு வாசித்தேன். 'வரலாமா' என்ற இடம் வந்ததும், "இன்னொருக்க வாசி" என்றார். வாசித்தேன். "அவரா எழுதியிருக்காரு?" என்று கடிதத்தை வாங்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். அதை மடித்துக் கொடுத்துவிட்டு, "பழைய என்ஜின் அங்கனயே கெடக்கட்டும். இது ஏத்தத்துல நல்லாத்தான் இழுக்கு. அதை அவர்ட்ட சொல்லிராத" என்றார். எழுதிவிட்டேன்.

பிறகுதான் அந்தச் செருப்பு விஷயத்தை அவராகவே எடுத்தார். "செருப்பு இல்லட்டி. பிள்ளை மடியில இருக்கா, காலு நிக்கி, வண்டி நிக்கல. அந்த எறக்கத்துல இனி நான் ஸ்டியரிங்ல உக்காரமாட்டேன்." அப்பா இப்படிச் சொல்லி நான் கேட்டதே இல்லை.

வாருங்கள். பம்பை மாட்டுங்கள். அப்பா பக்கத்தில் நின்று ஒவ்வொரு நட்டுக்கும் ஏன் எதற்கு என்று கேட்பார். பதில் சொல்லணும். கத்தக் கூடாது. மாட்டி முடித்ததும் வாசலில் கல் கொடுத்து, என்ஜினை அணைத்து, நானே மிதித்துப் பார்ப்பேன். நாலு மிதி இல்லை, என் கால் ஓயும்வரை.

அதன் பிறகு வேல்விழியைப் பாய் வீட்டில் விட்டுவிட்டு நாம் மூன்று பேரும் மேலே போகிறோம். கோட்டைவாசலில் அப்பா இறங்கித் திருநீறு பூசிவிட்டு வந்து பின் சீட்டில் உட்காருவார். இறக்கத்தில் ஓட்டப்போவது நான். சாவியைத் திருப்பி என்ஜினை அணைக்கப்போவதும் நான்.

நீங்கள் என் பக்கத்தில் உட்காரணும். புளியரை வரும்வரை ஒரு வார்த்தை பேசக் கூடாது.

மொழி