பெங்களூர் போகிறாள் நம் பெண்

அக்கரைப்பேட்டை,
நாகப்பட்டினம்.
24.04.2025

அன்புள்ள பூமிகா அப்பாவுக்கு,

கமலவல்லி எழுதுகிறேன். நாங்கள் இருவரும் நலம். நீங்களும் உடன் இருப்பவர்களும் சுகமாக இருக்க நம் மாரியம்மன் துணை நிற்பாள்.

அன்றைக்கு போனில் “கிடைச்சிடுச்சு” என்று நான் கத்தியதும் லைன் போய்விட்டது. மறுபடி அடித்தால் உங்கள் படகு கடலுக்குப் போய்விட்டது, திரும்ப நாளாகும் என்றார்கள். என்ன கிடைத்தது என்று நினைத்துக்கொண்டே வலை இழுத்தீர்களோ! விடுமுறை முடிந்து வெற்றிச்செல்வன் தம்பி நாளை நீங்கள் இருக்கும் பஹ்ரைனுக்கே திரும்புகிறார். அதனால் நடந்ததை ஒன்றுவிடாமல் எழுதிக் கொடுத்தனுப்புகிறேன். பூமிகாவுக்கு பெங்களூரில் அந்தப் பெரிய கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது. கணிதமும் பொருளாதாரமும் சேர்ந்த படிப்பு. படிப்பு, விடுதி, சாப்பாடு எல்லாம் அவர்கள் பொறுப்பு.

டிசம்பரில் டில்லிப் பக்கத்துப் பல்கலைக்கழகம் இவளை வேண்டாம் என்று சொன்னது உங்களுக்குத் தெரியும். அதற்குப் பிறகு வீடு இருந்த இருப்பை நான் போனில் சொல்லவில்லை. மூன்று நாள் இவள் தலை வாரவில்லை. மீன் குழம்பு வைத்தால் ரசம் கேட்டாள், ரசம் வைத்தால் பசியில்லை என்றாள். மற்ற கல்லூரிகளுக்கு எழுதவே மாட்டேன் என்று லேப்டாப்பை மூடிவிட்டாள். “முதல் இடத்துலயே வேணாம்னுட்டாங்க, மத்தவங்க மட்டும் கூப்பிடுவாங்களாம்மா?” என்று கேட்டாள். எனக்கு என்ன தெரியும்? கூப்பிட்டாலும் கூப்பிடுவார்கள் என்றேன்.

அவளுடைய கணக்கு டீச்சர் ஆசியா ஒருநாள் சாயங்காலம் நாகூரிலிருந்து வந்தார். டில்லிக்கு விண்ணப்பத்தோடு அனுப்பிய கட்டுரையைத் தமிழில் எனக்குப் படித்துக் காட்டும்படி இவளிடம் சொன்னார். சுனாமியைப் பற்றி எழுதியிருந்தாள். பார்க்காத தாத்தாவை அலை கொண்டுபோனதை, கூடவே நின்று பார்த்தவள் போல எழுதியிருந்தாள். நாகப்பட்டினம் என்றால் அதுதான் எடுபடும் என்று இணையத்தில் யாரோ சொன்னார்களாம். என் மனதில் பட்டதைச் சொல்லிவிட்டேன். “நல்லாத்தான் இருக்கு. ஆனா அப்ப நீ பொறக்கவே இல்லையேடி. இந்தப் பொண்ணு யாருன்னு எனக்குத் தெரியல” என்றேன். கோபித்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். டீச்சர் சிரித்துவிட்டு என்னிடம் டீ கேட்டார்.

மறுநாள் விடியற்காலையில் நான் ஏலத்தில் மீன் எடுக்கப் போனபோது என்னுடன் துறைமுகத்துக்கு வந்தாள். அடுத்தடுத்த நாளும் வந்தாள். ஏலம் விடும் துரைராசு அண்ணனிடம், ஒரே வஞ்சிரம் முதல் கூடையில் ஒரு விலைக்கும் கடைசிக் கூடையில் வேறு விலைக்கும் போவது ஏன் என்று கேட்டாள். சின்ன வயதிலிருந்தே இதைக் கேட்டு அவர் உயிரை எடுப்பவள்தானே. அவர், “எனக்குத் தெரிஞ்சா நான் ஏன் தாயி இங்க நின்னு தொண்ட கிழியக் கத்துறேன்?” என்றார். லேப்டாப்பைத் திறந்து, மற்ற கல்லூரிகளுக்கான புதுக் கட்டுரையில் அதையே எழுதினாள். “எனக்குப் புரியாத கணக்கு ஒன்று எங்கள் துறைமுகத்தில் தினமும் நடக்கிறது, அதைப் புரிந்துகொள்ளத்தான் படிக்க வேண்டும்” என்று முடித்திருந்தாள். படித்துக் காட்டியபோது, இது என் பெண் என்று தெரிந்தது.

அதன்பிறகும் சும்மா கிடைத்துவிடவில்லை. பிப்ரவரியில் இன்னொரு கல்லூரியும் இல்லை என்றது. அன்று அழவில்லை. “சரி, அடுத்தது” என்று பிளஸ் டூ பரீட்சைக்குப் படிக்க உட்கார்ந்தாள். அப்போதே எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

பெங்களூர்க்காரர்கள் கணினியில் நேர்காணல் வைத்தார்கள். நான் அடுப்படியில் மூச்சுவிடாமல் நின்றேன். எல்லாம் இங்கிலீஷ். திடீரென்று அந்தப் பக்கம் எல்லோரும் சிரித்தார்கள். முடிந்ததும் என்னடி என்று கேட்டேன். நீ ஏலம் விட்டால் எந்தக் கூடையை முதலில் எடுப்பாய் என்று கேட்டார்களாம். “எங்க அம்மா வாங்குற கூடையக் கடைசியா எடுப்பேன், அப்பதான் விலை எறங்கியிருக்கும்” என்றாளாம்!

முடிவு வந்த காலையில் நான் ஏலத்தில் நின்றிருந்தேன். மீன்பிடித் தடைக்காலம் தொடங்குவதற்கு முந்தின வாரம், கூட்டமான கூட்டம். செருப்புகூட இல்லாமல் ஈரத்தில் ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டாள். போனை என் முகத்துக்கு நேரே நீட்டிக் காட்டினாள். துரைராசு அண்ணன் ஏலத்தை நிறுத்திவிட்டு, “கமலவல்லி பொண்ணு பெங்களூரு பெரிய காலேஜுக்குப் போவுதுடா!” என்று விட்டாரே ஒரு சத்தம்! விசில் என்ன, கைதட்டல் என்ன! பனிக்கட்டி உடைக்கிறவர்கள்கூட வந்து இவள் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். என் கூடையில் இருந்த மீனை அன்று யார் வாங்கினார்கள் என்றே எனக்கு நினைவில்லை.

இப்போது படகெல்லாம் கரையில் நிற்கிறது. நான் கருவாடு விற்கிறேன். இவள் வீட்டில் பாட்டுப் பாடிக்கொண்டே துணி மடிக்கிறாள்.

ஆகஸ்டில் சேர்க்க வேண்டும். பெற்றோர் வரும் நாள் என்று ஒன்று வைத்திருக்கிறார்களாம். எத்தனை பேர் என்று கேட்டதற்கு அம்மா, அப்பா இரண்டு பேர் என்று என்னைக் கேட்காமலே எழுதி அனுப்பிவிட்டாள். உங்கள் முதலாளியிடம் கேட்டுப் பாருங்கள். தஞ்சாவூருக்கு அப்பால் நான் போனதில்லை. போகும்போது பயமில்லை, அவள் இருப்பாள். அவளை விட்டுவிட்டுத் திரும்பி வரும் ரயிலில் என் பக்கத்தில் நீங்கள் உட்கார்ந்திருக்க வேண்டும்.

காற்றும் நீரும் உங்களுக்கு அனுகூலமாக இருக்கட்டும்.

உங்கள் வரவை எதிர்பார்க்கும்,
கமலவல்லி